'தேன்' எங்கே ஒளிந்திருக்கிறது? ஆங்கிலத்தில் பிரச்சினைகளை ஒப்பிட்டுப் பேசும் விதம்

பல வருடங்களுக்கு முன் நடந்தது. லண்டனில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்ப வேண்டிய அறிக்கை நான்கு நாள் தாமதமாகிவிட்டது. அந்தப் பக்கத்து மேலாளர் தொலைபேசியில் மிக அமைதியான குரலில், "திஸ் இஸ் லெஸ் தேன் ஐடியல்" என்றார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. 'உன்னதம் என்று சொல்ல முடியாது, சற்றுக் குறைவு என்கிறார். பெரிய வருத்தமில்லை' என்று எழுதிவைத்தேன். லெஸ் என்றால் குறைவு, ஐடியல் என்றால் உன்னதம். நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். மறு மாதம் அந்த வேலை எங்கள் கையைவிட்டுப் போனது. அவர் போட்டிருந்தது ஃபெயில் மார்க் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "வெள்ளைக்காரன் எப்போதுமே பூசி மெழுகித்தான் பேசுவான்" என்பார்கள். அது பாதி உண்மை. பள்ளியில் படித்த 'குட், பெட்டர், பெஸ்ட்' பட்டியலும் இங்கே கைகொடுக்காது. அந்தப் பட்டியல் பொருள்களை அளக்கத்தான் சொல்லித் தருகிறது: இந்த மரம் அந்த மரத்தைவிட உயரம். பிரச்சினைகளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் பேசுவோர் ஒப்பீட்டை வைத்து வேறொரு வேலையும் செய்கிறார்கள். பிரச்சினையை எதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. ஆங்கிலத்தில் 'விட' என்ற பொருள் தரும் சொல்லைத் தமிழ் எழுத்தில் 'தேன்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. குடிக்கிற தேனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தத் தேன் பல சமயம் கசக்கும்.

மூன்று பாத்திரத் தண்ணீர்

மூன்று பாத்திரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். வலது கையை வெந்நீரிலும் இடது கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர்தான். வலது கைக்கு அது சில்லென்று இருக்கும், இடது கைக்குச் சுடும். ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்கு வெப்பமாகவும் படும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதிவைத்திருக்கிறார்.

கைக்கு நடப்பதுதான் மனதுக்கும் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவைப் பற்றிக் கேட்டால், "நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை" என்கிறோம். காய்ச்சல் இன்னும் 101 இருக்கலாம். நேற்று 103 இருந்தது, அதனால் பரவாயில்லை. இதே 101 போன மாதம் வந்திருந்தால் வீடே பதறியிருக்கும்.

எதை வைத்து ஒன்றை ஒப்பிடுகிறோமோ, அதை இந்தக் கட்டுரையில் 'ஒப்புப்புள்ளி' என்று சொல்கிறேன். 'நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை' என்பதில் நேற்றுதான் ஒப்புப்புள்ளி.

இதுவரை: ஒப்பீடு என்பது அளவை மட்டும் சொல்வதில்லை. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் சொல்கிறது. பார்க்கும் இடம் மாறினால், பிரச்சினை அப்படியே இருந்தும் அதன் கனம் மாறித் தெரிகிறது.

வாலோடு வரும் சொல்

தமிழில் ஒப்புப்புள்ளி பெரும்பாலும் முன்னால் வரும், வெளிப்படையாகவும் வரும். 'அதைவிட இது பெரியது.' இலக்கணப் புத்தகத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு வரும் 'காக்கையிற் கரிது களாம்பழம்' நினைவிருக்கிறதா? முதலில் காக்கை, பிறகு கருமை, கடைசியில் பழம். இதில் 'காக்கையின்' என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'கரிது களாம்பழம்'. ஒப்பீடே காணாமல் போய்விடுகிறது. 'கரிது' என்ற சொல் தன் உருவத்தில் எந்த ஒப்பீட்டையும் சுமப்பதில்லை.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'பிக்' என்பது 'பிகர்' ஆகும்போது அந்தச் சொல்லின் வாலிலேயே ஒப்பீடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வரவேண்டிய 'தேன்' வராவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'எ பெட்டர் சொல்யூஷன்' என்பார்கள். எதைவிட பெட்டர் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கிறவருக்கும் கேட்கத் தோன்றாது. விளம்பரக்காரர்களுக்கு இது அல்வா. 'லாஸ்ட்ஸ் லாங்கர்' என்று பேட்டரி விளம்பரம் வரும். எதைவிட நீண்ட நாள்? போட்டிக் கம்பெனியின் பேட்டரியைவிடவா, இவர்களே போன வருடம் விற்றதைவிடவா?

(தமிழில் இந்த வித்தையைத் தனியாகச் செய்யக்கூடிய ஒரு சொல் உண்டு: தேவலை. 'இப்போது தேவலை' என்றால் முன்பு மோசமாக இருந்தது என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது.)

பிரச்சினைகளைப் பற்றிய பேச்சில் இப்படி ஒப்புப்புள்ளியை விழுங்கிவிடும் தொடர்களில் மிகப் பிரபலமானது 'இட் குட் பி வொர்ஸ்'. இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம் என்று பொருள். கார் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. 'இட் குட் ஹாவ் பீன் வொர்ஸ்'. நம் ஊரில் இதற்குத் 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்போம். நசுங்கிய காரை நசுங்காத காரோடு ஒப்பிடாமல், நடக்காத ஒரு சாவோடு ஒப்பிடுகிறோம். உடனே மனம் லேசாகிவிடுகிறது.

நடக்காததோடு ஒப்பிடுவதற்கு எவ்வளவு வலு என்று காட்டிய ஒரு ஆய்வு 1995இல் வந்தது. அமெரிக்க உளவியலாளர்கள் மெட்வெக், மேடி, கிலோவிச் மூவரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகபாவங்களை ஆராய்ந்தார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரரின் ஒப்புப்புள்ளி கைநழுவிய தங்கம். வெண்கலக்காரரின் ஒப்புப்புள்ளி, ஒன்றுமே இல்லாமல் நான்காவதாக வந்து வீடு திரும்புவது. யாரும் அவர்களுக்கு இந்த ஒப்பீட்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை, மனம் தானாகவே தேடிக்கொண்டது.

இதுவரை: ஆங்கிலத்தில் ஒப்புப்புள்ளியைச் சொல்லாமலே ஒப்பிட முடியும். சொல்லாத ஒப்புப்புள்ளியைக் கேட்கிறவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறார், அல்லது பேசுகிறவருக்கு வசதியானதை அறியாமலே ஏற்றுக்கொள்கிறார்.

அளவை விட்டுவிட்டுப் பெயரை மாற்றுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

ஒரு பையனைப் பற்றி ஆசிரியர், 'ஹி இஸ் மோர் லேசி தேன் ஸ்டூபிட்' என்கிறார் என்று வையுங்கள். இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர் இதைத் திருத்தப் பார்ப்பார்: லேசி சின்னச் சொல் ஆயிற்றே, 'லேசியர்' என்றுதானே வர வேண்டும்? வராது. இரண்டு பையன்களின் சோம்பலை ஒப்பிட்டால்தான் 'லேசியர்'. இங்கே ஒரே பையன்தான். ஒப்பிடப்படுவது இரண்டு பெயர்கள்: சோம்பேறி, முட்டாள். இவனுக்கு எந்தப் பெயர் அதிகம் பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. அப்படிப் பெயரையும் பெயரையும் மோதவிடும்போது ஆங்கிலம் 'மோர்' என்பதைத் தனியாக முன்னால் வைக்கிறது.

இந்த நுணுக்கம் ஆங்கிலத்தில் மறைந்து கிடக்கிறது. தமிழில் பளிச்சென்று தெரியும். நாம் 'முட்டாளைவிட சோம்பேறி' என்று சொல்வதில்லை. 'முட்டாள் என்பதைவிட சோம்பேறி என்று சொல்லலாம்' என்கிறோம். அந்த 'என்பதை' இருக்கிறதே, ஒப்பிடப்படுவது ஆள் இல்லை, ஆளுக்கு வைக்கும் பெயர் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஆங்கில வாக்கியம் ஒன்று குழப்பினால் அதற்குள் 'என்பதைவிட' நுழைகிறதா என்று பார்த்துக்கொள்வது என் பழக்கம். நுழைந்தால் அது பெயர் மாற்றும் ஒப்பீடு.

பிரச்சினைகளுக்கு இந்த வகை எப்படிப் பயன்படுகிறது? ஒரு மருத்துவர் தோலடியில் உருளும் சின்னக் கொழுப்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'இட்ஸ் மோர் ஆஃப் எ நியூசன்ஸ் தேன் எ டேஞ்சர்' என்கிறார். ஆபத்து என்பதைவிடத் தொந்தரவு என்று சொல்லலாம். கட்டி அதே அளவுதான். 'ஆபத்து' என்ற பெயர் கழன்று 'தொந்தரவு' என்ற பெயர் மாட்டிக்கொண்டது. பெயர் மாறியதும் அடுத்து என்ன செய்வது என்பதும் மாறுகிறது. ஆபத்து என்றால் அறுவை, தொந்தரவு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விஷயத்துக்கு வைக்கும் பெயர் இப்படி அதைப் பார்க்கும் விதத்தையும் செய்ய வேண்டிய காரியத்தையும் கூடவே இழுத்துவருவதை மொழியியலாளர்கள் 'சட்டகம்' என்கிறார்கள். புகைப்படச் சட்டம் மாதிரி. எது உள்ளே தெரிகிறது, எது வெட்டுப்படுகிறது என்பதைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. ஒரு சட்டகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது 'சட்டக மாற்றம்'.

சட்டகம் மாற்றும் ஒப்பீடு மூன்று உருவங்களில் வரும். 'மோர் ஆஃப் எ நியூசன்ஸ் தேன் எ டேஞ்சர்' என்றால் பேசுகிறவர் ஏற்றுக்கொள்ளும் பெயர் முதலில் வருகிறது. 'லெஸ் எ டேஞ்சர் தேன் எ நியூசன்ஸ்' என்றால் அது கடைசியில். 'நாட் சோ மச் எ டேஞ்சர் ஆஸ் எ நியூசன்ஸ்' என்றாலும் கடைசியில்தான். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். 'நாட் சோ மச்' என்று காதில் விழுந்ததும் 'அவ்வளவாக இல்லை' என்று மனம் முடித்துவிடுகிறது. பின்னால் வரும் 'ஆஸ்' வரைக்கும் காத்திருந்தால்தான் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'இது ஆபத்து இல்லை' என்று அவர் சொல்லவில்லை. ஆபத்து என்ற பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார். நாளைக்குக் கட்டி பெரிதானால், "நான் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லையே" என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. மருத்துவர் விஷயத்தில் இது நியாயமான எச்சரிக்கை. கம்பெனி நிர்வாகங்கள் இதையே பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 'நாட் சோ மச் எ டிலே ஆஸ் எ சேஞ்ச் ஆஃப் பிளான்': தாமதம் என்பதைவிடத் திட்ட மாற்றம். தாமதம் என்றால் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும். திட்ட மாற்றம் என்றால் புது அட்டவணை அனுப்பினால் போதும். மென்பொருள்காரர்களின் பழைய கிண்டலான 'இட்ஸ் நாட் எ பக், இட்ஸ் எ ஃபீச்சர்' இந்தத் தந்திரத்தை நக்கல் செய்ததுதான்: அது கோளாறு இல்லையாம், வசதியாம்.

மருந்தை நோயின் பக்கத்தில் நிறுத்துவது

இங்கே ஒப்பீடு தீர்வின் மேல் திரும்புகிறது. 'த க்யூர் இஸ் வொர்ஸ் தேன் த டிசீஸ்', அதாவது மருந்து நோயைவிட மோசம். பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரைகளிலேயே இந்தக் கருத்து வருகிறது, ஆக நானூறு வருடப் பழக்கம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நாம் சொல்வதன் உறவுக்காரத் தொடர்.

2020 மார்ச் 22ஆம் தேதி அன்றைய அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், மருந்து பிரச்சினையைவிட மோசமாகிவிட நாம் விடக்கூடாது என்று ட்விட்டரில் எழுதினார். கொரோனாவுக்காக எல்லாம் மூடிக்கிடந்த நேரம். அதுவரை பேச்சு 'நோய் பரவுகிறதா, பரவவில்லையா' என்று ஓடியது. அந்த ஒரு வரி ஊரடங்கையே நோயின் பக்கத்தில் இன்னொரு நோயாக நிறுத்தியது. அது சரியா தவறா என்பது வேறு வாதம். விவாதத்தின் ஒப்புப்புள்ளி மாறிவிட்டது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு புகழ்பெற்ற வரி உண்டு. 1947 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் பேசும்போது, இதுவரை முயன்று பார்த்த மற்ற எல்லா ஆட்சி முறைகளையும் தவிர்த்துப் பார்த்தால் ஜனநாயகம்தான் இருப்பதிலேயே மோசமான ஆட்சி முறை என்று சொல்லப்படுகிறது, என்றார். கவனியுங்கள், 'சொல்லப்படுகிறது' என்றுதான் அவர் ஆரம்பித்தார். தன் சொந்தச் சரக்கு என்று உரிமை கொண்டாடவில்லை. ஜனநாயகத்தைக் குறை சொல்கிறவர்கள் அதை ஒரு கனவு ஆட்சியோடு ஒப்பிடுகிறார்கள். அந்த வரி ஒப்புப்புள்ளியைக் கனவிலிருந்து பிடுங்கி, உலகத்தில் நிஜமாக நடந்த ஆட்சிகளின் மேல் வைக்கிறது. 'மோசம்' என்ற பெயரை ஒப்புக்கொண்டே வாதத்தில் ஜெயிக்கிறது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா?

சொல் மாறினால் முடிவும் மாறுமா என்று சந்தேகம் வரலாம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில். 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய் வருகிறது, இரண்டு திட்டங்கள் இருக்கின்றன, எதைத் தேர்வீர்கள் என்று கேட்டார்கள்.

முதல் குழுவிடம் சொன்னது: ஒரு திட்டத்தில் 200 பேர் காப்பாற்றப்படுவார்கள். மற்றதில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவரும் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 72 சதவீதம் பேர் உறுதியான 200ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே திட்டங்கள், வேறு சொற்களில்: ஒன்றில் 400 பேர் சாவார்கள், மற்றதில் ஒருவரும் சாகாமல் இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, எல்லோரும் சாக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இப்போது 78 சதவீதம் பேர் சூதாட்டத்தின் பக்கம் போனார்கள். கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் குழுவின் ஒப்புப்புள்ளி 'எல்லோரும் செத்துவிட்டார்கள்', அதனால் 200 லாபம். இரண்டாவது குழுவின் ஒப்புப்புள்ளி 'எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்', அதனால் 400 நஷ்டம். உறுதியான நஷ்டத்தை மனிதர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை, பந்தயம் கட்டப் பார்ப்பார்கள்.

சட்டகத்துக்கு எல்லை இல்லாத சக்தி இருப்பதாக நினைக்க வேண்டாம். 1988இல் வெளியான இன்னொரு ஆய்வில் அரைத்த மாட்டிறைச்சியை ஒரு சாராருக்கு '75 சதவீதம் கொழுப்பில்லாதது' என்றும், மற்றவர்களுக்கு '25 சதவீதம் கொழுப்பு' என்றும் சொன்னார்கள். முதல் பெயருக்குத்தான் நல்ல மதிப்பு கிடைத்தது. ஆனால் சாப்பிட்டுப் பார்த்தவர்களிடம் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. நாக்கு சட்டகத்தைக் கொஞ்சம் உடைத்துவிடுகிறது.

சரி, 'லெஸ் தேன் ஐடியல்' என்ன ஆயிற்று?

இப்போது என் கூட்டக் குறிப்புக்குத் திரும்பலாம். 'லெஸ் தேன்' என்பதற்குப் பின் ஒரு பண்புச் சொல் வந்தால், அது தூரத்தைச் சொல்வதில்லை. ஒரு கோட்டுக்குக் கீழே என்று மட்டும்தான் சொல்கிறது. 'தேர்ச்சி மதிப்பெண்ணைவிடக் குறைவு' என்பது மாதிரி. 34ஆகவும் இருக்கலாம், 2ஆகவும் இருக்கலாம். எவ்வளவு கீழே என்று சொல்லாமல் விடுவது மரியாதை. கேட்கிறவர் 'ரொம்பக் கீழே' என்று புரிந்துகொள்வார் என்பது ஆங்கிலேயர்களுக்கு இடையே பேசாத ஒப்பந்தம். அதனால் 'லெஸ் தேன் ஹாப்பி' என்றால் நல்ல கோபம். 'லெஸ் தேன் ஆனஸ்ட்' என்றால் பொய் சொன்னார் என்று அர்த்தம். தலைகீழாக, 'மோர் தேன் எ லிட்டில் வொர்ரிட்' என்றால் கொஞ்சத்துக்குச் சற்று மேலே என்று அர்த்தமில்லை, ரொம்பவே கவலை.

இந்த வரிசையில் 'ஐ குடன்ட் அக்ரீ மோர்' என்பதையும் சேர்க்கலாம். இதைவிட அதிகமாக ஒத்துப்போக எனக்கு வழியில்லை, அதாவது முழுச் சம்மதம். 'குடன்ட்' என்ற எதிர்மறையைக் கேட்டுவிட்டு 'ஒத்துக்கொள்ள முடியாது என்கிறாரே' என்று வாடிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஐ குடன்ட் கேர் லெஸ்' என்றால் துளியும் அக்கறை இல்லை என்று பொருள். அமெரிக்கர்கள் பலர் அதை 'ஐ குட் கேர் லெஸ்' என்று எதிர்மறையை விழுங்கிச் சொல்கிறார்கள், அதற்கும் அதே பொருள்தான். இதற்கு லாஜிக் கேட்டு ஆங்கிலேயர்களே அமெரிக்கர்களோடு சண்டை போடுகிறார்கள், நாம் நடுவில் போக வேண்டாம்.

எரிகிற கொள்ளி

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் தவறாமல் வரும் ஒரு தொடர், 'த லெஸர் ஆஃப் டூ ஈவில்ஸ்'. இரண்டு தீமைகளில் சிறியது. இரண்டே பெரிய கட்சிகள் உள்ள நாட்டில், பிடிக்காத வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவதற்கு இது வசதியான சட்டகம். 'இவர் நல்லவரா?' என்ற கேள்வியை ஓரங்கட்டிவிட்டு 'அவரைவிட இவர் தேவலையா?' என்று கேட்கிறது. 'ஈவில்' என்ற கசப்பை ஒப்புக்கொள்கிறது, 'லெஸர்' என்பதால் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறது.

தமிழில் செய்தி எழுதுகிறவர்கள் சிலர் இந்தத் தொடர் வரும் இடத்தில் 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்ற பழமொழியைப் போட்டுவிடுகிறார்கள். படிக்க அழகாக இருக்கிறது, பொருளோ தலைகீழாகிவிடுகிறது. ஆங்கிலத் தொடர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறது. நம் பழமொழி ஒப்பிடவே மறுக்கிறது: இரண்டும் கொள்ளி, இரண்டும் சுடும், இதில் தேர்வு என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆங்கிலத்தில் அந்தப் பழமொழிக்கு நெருக்கமானது, ஓட்டுப் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் சொல்லும் பதில்தான்: 'த லெஸர் ஆஃப் டூ ஈவில்ஸ் இஸ் ஸ்டில் ஈவில்'. சிறிய தீமையும் தீமைதான்.